வயதான பெட்டா மீனின் வயிறு வீங்கியபோது செய்து பார்த்தவை

என்னிடம் இருக்கும் நீல நிற ஹாஃப்மூன் பெட்டா, சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் ஒன்றில் வாங்கியபோதே முழு வளர்ச்சி பெற்றிருந்தது. அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன. நம் ஊர்க் கடைகளில் ஃபைட்டர் என்று விற்கப்படும் இந்த மீன், நல்ல பராமரிப்பில் 3 முதல் 5 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. வாலும் துடுப்பும் விரிந்த நிலையில் விற்பனைக்கு வரும் ஆண் மீனுக்கு அப்போதே பல மாத வயது ஆகியிருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், இது முதுமையை எட்டிவிட்ட மீன் என்பதில் ஐயமில்லை. ஆகவே வயிறு ஒரு பக்கமாக வீங்கத் தொடங்கியபோது, இதில் நோய் எவ்வளவு, வயது எவ்வளவு என்பதைப் பிரித்துப் பார்ப்பதே என் முதல் வேலையாக இருந்தது.

வயதின் அடையாளங்கள் வீக்கத்துக்கு வெகு முன்பே தெரிந்தன. தலைப்பகுதியின் நீலம் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்தது; முதுகு லேசாக வளைந்தது; நீர்ப்பரப்பில் குமிழிக் கூடு கட்டுவது அரிதாகி, பின்னர் நின்றேபோனது. வலது கண்ணில் வெண்படலம் படர்ந்தது. கண் புடைக்கவில்லை, சிவக்கவுமில்லை, படலமும் மெல்ல மெல்லவே வளர்ந்தது என்பதால் அதை நோய்த்தொற்றாக நான் கருதவில்லை. இவை எதற்கும் மருந்து கிடையாது. மருந்து தேடி அலையாமல் இருப்பதே இந்தக் கட்டத்தில் மீனுக்கு நாம் செய்யும் பெரிய உதவி என்று நினைக்கிறேன்.

வீக்கம் வேறு விதமானது. பெட்டாவின் வயிறு உப்புவதற்குக் காரணங்கள் பல: அதிக உணவால் வரும் மலச்சிக்கல், உள்ளே வளரும் கட்டி, உடலில் நீர் கோத்துக்கொள்ளும் டிராப்சி ஆகியவை முக்கியமானவை. நன்னீர் மீனின் உடலில் சுற்றியுள்ள நீரைவிட உப்பு அதிகம் என்பதால், செவுள் வழியாக நீர் ஓயாமல் உள்ளே புகுந்துகொண்டிருக்கும். அதைச் சிறுநீரகம் இடைவிடாமல் வெளியேற்ற வேண்டும். அந்த உறுப்பு தளர்ந்தால் நீர் உடலிலேயே தங்கி, செதில்களை வெளியே தள்ளிவிடும். இதைத் தொட்டியின் முன்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எளிதில் தெரியாது. மேலிருந்து, விளக்கு வெளிச்சத்தில், மீனின் முதுகை நோக்கிப் பார்க்க வேண்டும். என் மீனின் செதில்கள் படிந்தே இருந்தன. வலப்பக்கம் மட்டும் பெருத்திருந்தது. கழிவு சரிவர வெளியேறவில்லை. டிராப்சி இல்லை, மலச்சிக்கலாகவோ கட்டியாகவோ இருக்கலாம் என்ற முடிவுக்கு வந்து, எளிதில் சரியாகக்கூடிய காரணத்திலிருந்து தொடங்கினேன்.

முதலில் உணவை நிறுத்தினேன். இரண்டு மூன்று நாள் பட்டினியை பெட்டா தாங்கும். அதோடு மருந்துக்கடையில் கிடைக்கும் எப்சம் உப்பை, அதாவது நம் வீடுகளில் பேதி உப்பு என்று சொல்லப்படுகிற மக்னீசியம் சல்பேட்டை, 10 லிட்டருக்கு ஒரு சமமட்டத் தேக்கரண்டி வீதம் எடுத்து, தொட்டி நீரிலேயே ஒரு குவளையில் நன்றாகக் கரைத்து, சில மணி நேர இடைவெளியில் பகுதி பகுதியாக ஊற்றினேன். சமையல் கல் உப்பு வேறு, இது வேறு. வீக்கத்துக்கு நான் பயன்படுத்தியது எப்சம் உப்பை மட்டுமே. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: தொட்டி நீர் ஆவியாகிக் குறையும்போது உப்பு குறைவதில்லை. ஆகவே ஆவியான அளவை நிரப்பும்போது உப்பில்லாத நீரையே ஊற்ற வேண்டும்; நீரை மாற்றும்போது மட்டும், எடுத்த நீரில் போன உப்பின் அளவை ஈடு செய்ய வேண்டும். 2 லிட்டர் எடுத்தால் தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்குதான் திரும்பப் போகும். இந்தக் கணக்கு தவறினால் உப்பு ஏறிக்கொண்டே போய், தளர்ந்த மீனுக்கு அதுவே பாரமாகிவிடும்.

பட்டினி முடியும் தறுவாயில் பழுப்பு நிறக் கழிவு வெளியேறி, வயிறு ஓரளவு வடிந்தது. ஆனால் வலப்பக்கத்துப் புடைப்பு முழுவதும் மறையவில்லை. அப்போதிலிருந்து, கரையாத பகுதியைக் கட்டி என்றே வைத்துக்கொண்டு மீனைப் பராமரித்து வருகிறேன்.

கடைக்காரர் ஒருவர் ஆன்டிபயாட்டிக் பொடியையும் நீல மருந்தையும் சேர்த்துப் போடச் சொன்னார். நான் இரண்டையும் வாங்கவில்லை. பாக்டீரியா தொற்றுக்கான அறிகுறியாகத் துடுப்பு அழுகலோ, புண்ணோ, உடலில் பஞ்சு போன்ற படிவோ இல்லாதபோது ஆன்டிபயாட்டிக்குக்கு வேலையில்லை. அந்த நீல மருந்தான மெத்திலீன் புளூ, ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். அவை அழிந்தால், மீன் கழிவிலிருந்து உருவாகும் நச்சான அம்மோனியா சிதைக்கப்படாமல் நீரில் ஏறும். முதிய மீனை நோயைவிட விரைவாக வீழ்த்துவது அதுதான்.

என் அனுபவத்தில் மருந்தைவிட அதிகப் பலன் தந்தது தொட்டியை மாற்றி அமைத்ததே. பெட்டா செவுளால் மட்டுமன்றி, தலையில் உள்ள லேபிரிந்த் உறுப்பாலும் மூச்சு விடுகிறது. அதற்காக அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். உடல் ஒரு பக்கம் சாய்ந்து, நீண்ட துடுப்புகளையும் இழுத்துக்கொண்டு மேலேற வேண்டிய மீனுக்கு, 25 செ.மீ. உயரம் பெரிய ஏற்றம். நீர்மட்டத்தை ஏறத்தாழ 12 செ.மீ. அளவுக்குக் குறைத்தேன். பரப்புக்குச் சற்றுக் கீழே அனுபியாஸ் செடியின் அகன்ற இலை வருமாறு அதைச் சிறு கட்டையில் கட்டி வைத்தேன். மீன் அன்று மாலையே அந்த இலையின் மேல் வந்து படுத்தது. படுத்தபடியே உடலைச் சற்று உயர்த்தினால் வாய் காற்றை எட்டிவிடுகிறது. நீரைக் குறைப்பவர்கள் ஹீட்டரை மறக்கக் கூடாது. செங்குத்தாக நின்ற ஹீட்டரின் மேற்பகுதி நீருக்கு வெளியே வந்தால் கண்ணாடி வெடிக்கக்கூடும். முழுதும் மூழ்கிப் பயன்படுத்தக்கூடிய வகையாக இருந்தால், மின்சாரத்தை நிறுத்தி ஆறவிட்டு, அடிப்பகுதியில் படுக்கை வாட்டில் பொருத்திக்கொள்ளலாம். மூடியைத் திறந்து வைப்பதும் நல்லதன்று. நீருக்கு மேலே உள்ள காற்றும் வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும்.

வெப்பநிலையை 26 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் நிறுத்தியிருக்கிறேன். சென்னையில் மார்கழி இரவுகளைத் தவிர ஹீட்டருக்கு அதிக வேலை இருப்பதில்லை. எனினும் பகலுக்கும் இரவுக்கும் இடையே ஏற்படும் ஏற்ற இறக்கத்தை அது தணிக்கிறது. ஸ்பாஞ்ச் ஃபில்டரின் காற்றை வால்வால் பாதியாகக் குறைத்தேன். நீர் பாதியாகக் குறைந்தால் அழுக்கு இருமடங்கு அடர்த்தியாகும் என்பதால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஐந்தில் ஒரு பங்கு நீரை, குளோரின் நீக்கிச் சூட்டையும் சமப்படுத்தி, மாற்றுகிறேன். அம்மோனியாவும், அது சிதையும்போது உருவாகும் நச்சான நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யமாகவே இருக்க வேண்டும். இதில் சமரசமே கூடாது.

நாட்டு வாதுமை இலையையும் போட்டிருக்கிறேன். தாய்லாந்தில் பெட்டா வளர்ப்பவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்துவது இதைத்தான். தானே உதிர்ந்து காய்ந்த இலையைக் கழுவிப் போட்டால், டானின் இறங்கி நீர் இளம் தேநீர் நிறமாகும். இதை மருந்தாக நான் எண்ணவில்லை. வெளிச்சம் மட்டுப்படுவதால் மீன் அமைதியாக இருக்கிறது.

உணவூட்டுவதில்தான் பொறுமை தேவைப்படுகிறது. வலது கண் மங்கியதால், அந்தப் பக்கம் விழும் உணவு மீனுக்குத் தெரிவதே இல்லை. உலர் உணவு வயிற்றில் ஊறிப் பெருக்காமல் இருக்க, ஒரு பெல்லட்டைத் தொட்டி நீரில் ஊறவைத்து, மழுங்கிய இடுக்கியின் நுனியில் பிடித்து, இடது கண்ணுக்கு முன்னால் மெல்ல அசைத்துக் காட்டுகிறேன். சில நொடிகள் உற்றுப் பார்த்துவிட்டு, முதல் முறை குறி தவறி, இரண்டாம் முறை கவ்வும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. இடையில் இரு முறை, உறைய வைத்த டாஃப்னியா எனும் நீர்த்தெள்ளு. மலச்சிக்கலுக்கு வேகவைத்த பட்டாணி கொடுக்கும் பழக்கம் இங்கே பலரிடம் உண்டு. பெட்டா பூச்சிகளையும் புழுக்களையும் உண்டு வாழும் மீன் என்பதால், எனக்கு டாஃப்னியாவே பொருத்தமாகத் தெரிகிறது. கவ்வாமல் விழுந்ததை அப்போதே குழாய்த் துளிப்பானால் உறிஞ்சி எடுத்துவிடுகிறேன்.

இப்போது மீன் உணவுக்குத் தலை நிமிர்த்துகிறது, நாளின் பெரும்பகுதியை இலையில் கழிக்கிறது, புடைப்பு பெரிதாகவில்லை. எப்சம் உப்பை நீர் மாற்றங்களின் வழியே படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டேன். செதில்கள் சிலிர்த்து, உணவையும் மறுத்து, இலையிலிருந்துகூடக் காற்றை எட்ட முடியாத நிலை வந்தால் நீட்டித்துத் துன்புறுத்த மாட்டேன். அதற்கெனக் கிராம்பு எண்ணெயை வாங்கி வைத்திருக்கிறேன். முதலில் சிறிதளவு சேர்த்து மீனை மயங்கவைத்து, பிறகு அளவைக் கூட்டி, செவுள் அசைவு நின்ற பின்னரும் நெடுநேரம் அந்த நீரிலேயே விடுவதுதான் முறை. உயிரோடு ஃப்ரீசரில் வைப்பதும் கழிப்பறையில் விடுவதும் கொடுமையானவை. அந்த மூன்று அறிகுறிகளில் ஒன்றுகூட இன்றுவரை இல்லை என்பதால், அடுத்த நீர் மாற்றத்தோடு நீர்மட்டத்தை இன்னும் 2 செ.மீ. குறைத்துப் பார்க்கப் போகிறேன்.