54 மாடல் வண்டி

மே 4, 2025, ஞாயிறு

வலிக்கு மார்ஃபின் மாத்திரை 10 மில்லிகிராம், நாலு மணி நேரத்துக்கு ஒன்று. கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து. அதை மறக்கவே கூடாதாம். அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

"புத்தர் சொன்ன அஞ்சாவது சீலம் என்ன கண்ணு? மயக்கம் தர்றத தொடமாட்டேன்னு. போறப்ப நெனவு தெளிவா இருக்கணும்."

புற்றுநோய் இரைப்பையில் ஆரம்பித்துக் கல்லீரலுக்குப் போய்விட்டது. அதைக் கேட்ட அன்றைக்குச் சிரித்தவர் இவர். முப்பது வருஷம் லாரிப் பட்டறை. "பழைய வண்டிய வார் போட்டுக் கட்டி ஓட்டுற மாதிரி என் ஒடம்பு ஓடுதுன்னு புத்தரே எண்பது வயசுல சொன்னாரு. என்னுது 54 மாடல்."

மே 6

ராத்திரி முழுக்க முனகல். காலையில் கஞ்சி டம்ளரைத் தட்டிவிட்டு, "எனக்கு மட்டும் ஏன்" என்று கத்தினார். கொஞ்ச நேரத்தில் அவரே தரையைத் துடைக்கத் துண்டு கேட்டார்.

சாயங்காலம் சொந்தக்காரர் ஒருத்தர் வந்து கிசா கோதமியின் கடுகுக் கதையை ஆரம்பித்தார். அது, சாவு விழாத வீட்டில் கடுகு வாங்கி வா என்று பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் புத்தர் சொன்னது. வலியில் சுருண்டு கிடப்பவருக்குக் கடுகு எதற்கு? காபி போடுகிற சாக்கில் எழுந்துவிட்டேன்.

மே 8

விகாரையில் பெரியவரிடம் போனில் கேட்டோம். போதைக்குக் குடிப்பது வேறு, பிணிக்கு மருந்து வேறு. பிக்குகளுக்கே நோய்க்கு மருந்து அனுமதி உண்டு என்றார். அப்பா அதற்கும் மசியவில்லை.

வீட்டுக்கு வரும் நர்ஸ் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தியானத்துல எத்தன நிமிஷம் உக்கார முடியுதுங்கய்யா?"

ரொம்ப நேரம் பேச்சில்லை. பிறகு என்னைப் பார்த்தார். "ரெண்டு அம்புன்னு சொல்லுவாரே புத்தர். மொத அம்பு ஒடம்பு வலி. அதுக்கு மனசு கெடந்து அழறது ரெண்டாவது. மொதலு இந்தக் குத்து குத்துனா ரெண்டாவத எங்க கண்ணு பாக்கறது? தண்ணி குடு."

மே 12, பௌர்ணமி

காலண்டரில் சித்ரா பௌர்ணமி. எங்களுக்குப் புத்தர் பிறந்த நாள். சேலம் பக்கம் பெரியேரிக்குப் போகணும் என்றார் அப்பா. சின்ன வயதில் அவர் தலைவெட்டி முனியப்பன் என்று கும்பிட்ட சிலை. மஞ்சளும் குங்குமமும் துடைத்துப் பார்த்தபோது தாமரைப் பீடம், சுருள் முடி. புத்தர்தான் என்று 2022இல் உயர் நீதிமன்றம் சொன்னது.

கோயில் வாசலில் கார் கதவைப் பிடித்தபடி நின்றார். கை கூப்பவில்லை. "ரெண்டு பேருக்கும் கோவமில்ல" என்றார். யாருக்கும் யாருக்கும் என்று நான் கேட்கவில்லை.

திரும்பும்போது ஒரு வேகத்தடையில் கார் தூக்கிப் போட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டே முன்னால் எட்டி டிரைவரிடம் சொன்னார்: "தம்பி, பின்னாடி ஷாக் அப்சார்பர் போயிருச்சு. மாத்திருங்க."