என் பெயரில் யாருக்கோ ஒரு கேஸ்

கத்தாரில் வேலை கிடைத்தது, பிசிசி கேட்டார்கள், அதாவது போலீஸ் கிளியரன்ஸ் சர்டிஃபிகேட். பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன், சாலிகிராமம் கேந்திராவில் அரை நாள் போனது. அதுவரை சிக்கலே இல்லை.

நாலாம் நாள் எங்கள் ஏரியா ஸ்டேஷனில் இருந்து உளவுப்பிரிவுக் காவலர் ஒருவர் போன் செய்தார். ஆதார், ரேஷன் கார்டு, இரண்டு போட்டோ, தெருவில் என்னைத் தெரிந்த இரண்டு பேர் வேண்டுமாம். உளவுப்பிரிவு என்றால் கட்சிக் கூட்டத்தில் மஃப்டியில் நின்று தலை எண்ணுபவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன், பாஸ்போர்ட் விசாரணைக்கும் அவர்கள்தான் வந்தார்கள். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தவர், "தம்பி, தென்மாவட்டத்துல எப்பவாவது இருந்தீங்களா?" என்றார். இல்லை என்றேன். "2014ல ஒரு அடிதடி கேஸ் காட்டுதே." வயிற்றைக் கலக்கிவிட்டது.

சிசிடிஎன்எஸ் என்று ஒன்று இருக்கிறது, 2009-ல் ஒப்புதல் கிடைத்த திட்டம், நாடு முழுக்க ஸ்டேஷன்களின் எஃப்ஐஆர்களை இணைப்பது. முன்பு எங்கோ ஒரு பதிவேட்டில் தூங்கிய பெயர் இப்போது சென்னையில் தட்டினால் எழுந்து வருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பஸ் ஸ்டாப்பில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், என் அப்பா பெயருக்கும் அதே கதி, நமக்கோ குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, ஒற்றை எழுத்து இனிஷியலோடு முடிந்துவிடும். அந்த ஆளுக்கும் என் பெயர், என் இனிஷியல், என் அப்பா பெயர். வயது மட்டும் மூன்று கூட. (கார்கிலுக்குப் பிறகு 2001-ல் மத்திய உளவு அமைப்பான ஐபியின் கீழ் மல்டி ஏஜென்சி சென்டர் தொடங்கினார்கள், மாநிலத் தலைநகரங்களில் கிளைகளும் உண்டு, பல அமைப்புகளின் தகவல்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும் இடம். அங்கே நம் இனிஷியல்கள் என்ன பாடுபடுகின்றனவோ.)

காவலர் என்னைக் குற்றவாளி மாதிரி நடத்தவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். கேஸ் பதிவான தென்மாவட்ட ஸ்டேஷன் ரைட்டருக்கு அவரே போன் போட்டார். அங்கே பழைய கேஸ் கட்டைத் தேடி எடுக்க நாலு நாள். அதற்குள் நான் 2014-ல் சென்னையில் படித்ததற்குக் கல்லூரியில் சான்று வாங்கி, "அந்த நபர் நான் அல்ல" என்று கைப்பட எழுதிக் கொடுத்தேன். கடைசியில் வாட்ஸ்அப்பில் வந்த அங்க அடையாளம்தான் காப்பாற்றியது, வலது புருவத்தில் தழும்பாம். என் புருவத்தை அவர் விரலால் தடவியே பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

அடுத்த வாரம் சான்றிதழ் வந்துவிட்டது. நன்றி சொல்லப் போனபோது, பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போதும் இது வருமா என்று கேட்டேன்.

"வரும் தம்பி. அந்த எழுதிக் கொடுத்த லெட்டர், சீல் போட்ட காப்பி இருக்குல்ல? தொலைச்சிடாதீங்க."

லேமினேட் செய்து வைத்திருக்கிறேன்.