எதைச் சொல்லித் தட்டிக்கொடுப்பது?

நீச்சல் குளத்தின் ஓரக் கம்பியை விடாமல் பிடித்திருந்தாள் ஒரு சிறுமி. “உன்னால முடியும், வா வா” என்று சுற்றிலும் குரல்கள். அவள் பிடி இன்னும் இறுகியது.

பயிற்சியாளர் பக்கத்தில் போனார். “இப்போ முட்டியை மடக்காம இடுப்புலேர்ந்து கால் அடிச்சே பாரு, அது சரியா இருந்துச்சு. ரெண்டடி தள்ளி வந்து, என் கையைப் பிடிச்சுக்கிட்டு அதையே அடி.”

கம்பியை விட்டாள்.

வெறும் “முடியும்” ஏன் எடுபடவில்லை? பயந்த மனசு ஆதாரம் கேட்கும். ‘என்னால் இது ஆகும்’ என்ற நம்பிக்கைக்கு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் நான்கு ஊற்றுகளைச் சொன்னார். பிறர் தரும் ஊக்கச் சொல் அதில் ஒன்றுதான். எல்லாவற்றிலும் வலுவானது, தானே செய்து முடித்த அனுபவம். நம் சொல் அந்தச் சின்ன வெற்றியைச் சுட்டிக்காட்ட வேண்டும்.

“நீ புத்திசாலி” என்பதிலும் ஆபத்து உண்டு. 1998-இல் உளவியல் ஆய்வாளர்கள் முல்லரும் ட்வெக்கும் வெளியிட்ட ஆய்வுகளில், அப்படிப் பாராட்டப்பட்ட குழந்தைகள் ஒரு தோல்வி வந்ததும், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிட அதிகமாகத் துவண்டார்கள்.

தயங்குபவரிடம், அவர் சரியாகச் செய்த ஒன்றைக் குறிப்பாகச் சொல்லுங்கள். கையோடு அடுத்த படியையும் கொடுங்கள், பெரும்பாலும் கைகூடிவிடும் அளவுக்குச் சிறியதாக. பெரிதாக வைத்து அவர் தோற்றால், அடுத்த முறை உங்கள் பாராட்டையே நம்பமாட்டார்.