ஆல்பர்ட் ஹாலிலிருந்து தீக்குச்சித் தொழிற்சாலைக்கு

லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசியின் ‘ப்ராம்ஸ்’ (Proms) இசைவிழா நடக்கும் கோடையில் மேடைக்கு நேர் முன்னால் நாற்காலிகளே இருக்காது. 2017-இல் 6 பவுண்டு கொடுத்து அங்கே நின்றபடி கேட்க முடிந்தது. ஆகஸ்ட் 30 இரவு நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். வாசித்தது சினெக்கே ஆர்கெஸ்ட்ரா. டபுள் பாஸ் கலைஞர் நுவானோகு, கறுப்பினத்தவரும் மற்றச் சிறுபான்மை இனத்தவரும் பெரும்பான்மையாக அமர்ந்து வாசிக்கும் குழு வேண்டும் என்று 2015 செப்டம்பர் 13 அன்று மேடையேற்றிய குழு அது. இரண்டு வயது நிறைய இரண்டு வாரம் பாக்கி.

இசையமைப்பாளர் ஜார்ஜ் வாக்கரின் தந்திக் கருவி இசை உருக்கியது. 18 வயது ஷேக்கு கானே மேசனின் செல்லோவுக்குக் கைதட்டல் ஓய நேரமாயிற்று. ஆனால் நான் போனது இசையமைப்பாளர் ஹன்னா கெண்டலின் ‘தி ஸ்பார்க் கேச்சர்ஸ்’ என்ற படைப்புக்காக. பிபிசி கேட்டு எழுதவைத்த பத்து நிமிட இசை, அன்றுதான் முதல் அரங்கேற்றம். பொறி பறப்பதுபோல் படபடவென்று ஆரம்பித்து, நடுவில் தெளிந்து அடங்கி, கடைசியில் அணிநடையாக எழுகிறது. கெவின் ஜான் எடுசெய் நடத்தினார்.

கேட்டு எழுதவைப்பது ஏன் முக்கியம் என்பதற்கு அந்த ஹாலே சாட்சி. சியரா லியோன்காரரின் மகன் சாமுவேல் கோல்ரிட்ஜ் டெய்லர், 1898-இல் 23 வயதில் ஹயவாதா பாடல்தொடரின் முதல் பகுதியை அரங்கேற்றினார். நாடெங்கும் பாடினார்கள், பிரதிகள் விற்றுக் குவிந்தன. அவரோ மொத்த உரிமையையும் வெறும் 15 கினிக்கு (பவுண்டைவிடச் சற்றே கூடுதலான பழைய ஆங்கிலப் பணம்) விற்றிருந்தார். 37 வயதில் இறந்தும் போனார். 1924-இலிருந்து இரண்டாம் உலகப்போர் தொடங்கும்வரை அதே ஆல்பர்ட் ஹாலில் வேடமிட்டுப் பெரும் கூட்டத்தோடு அதை நடத்தினார்கள். நினைக்க வயிறு எரிகிறது. உயிரோடிருக்கும் ஒருவருக்கு முன்கூட்டியே சம்பளம் பேசி, நல்ல வாத்தியக்காரர்களையும் பெரிய மேடையையும் தருவதுதான் எனக்குப் பெரிய மரியாதையாகத் தெரிகிறது. மறைந்தவர்களின் இசையைத் தூசி தட்டி வாசிப்பதும் வேண்டும்தான், அது மட்டும் போதாது.

சரி, மறுநாள் கிழக்கு லண்டன். கெண்டலின் இசைக்கு அடிப்படை லெம் சிசே எழுதிய கவிதை. ஸ்ட்ராட்ஃபோர்டில் இறங்கி ஒலிம்பிக் பூங்காவுக்குள் நடந்தால், மின்மாற்றி ஒன்றைச் சுற்றியுள்ள மரத்தடுப்பில் அந்த வரிகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. சுற்றிச் சுற்றி வந்துதான் வாசிக்க வேண்டும். பேசுவது 1888-இல் வேலைநிறுத்தம் செய்த தீக்குச்சித் தொழிலாளப் பெண்களைப் பற்றி.

அங்கிருந்து ‘போ’ (Bow) என்ற பகுதியின் ஃபேர்ஃபீல்ட் சாலைக்குப் போனேன். அந்தப் பெண்கள் வேலை செய்த இடம். பிரையண்ட் அண்ட் மே தொழிற்சாலையின் செங்கல் கட்டடங்கள் இப்போது அடுக்குமாடி வீடுகள். வெண்பாஸ்பரஸ் ஆவியில் தாடை எலும்பு அழுகியது, சின்னத் தப்புக்கெல்லாம் கூலியில் அபராதம் பிடித்தார்கள். சுமார் 1,400 பெண்கள் வெளியே வந்து மூன்று வாரத்துக்குள் ஜெயித்தார்கள். அவர்கள் நிலையைப் பத்திரிகையில் எழுதி அம்பலமாக்கியவர் அன்னி பெசன்ட். ஆமாம், பிற்காலத்தில் அடையாற்றில் வாழ்ந்து 1933-இல் அங்கேயே மறைந்தவர், பெசன்ட் நகருக்குப் பெயர் தந்தவர்.

சினெக்கே வாசித்த அந்த இசை 2020-இல் என்எம்சி என்ற இசைப்பதிவு நிறுவனத்தின் வெளியீடாக வந்திருக்கிறது. கிடான், வாலன், ஹெர்பர்ட் என்று மற்ற இசையமைப்பாளர்களும் அதே ஆல்பத்தில் இருக்கிறார்கள். கெண்டலை முதலில் கேளுங்கள், அப்புறம் ஹெர்பர்ட். 1993-இல் லண்டனில் இனவெறியர்கள் கொன்ற கறுப்பின இளைஞர் ஸ்டீஃபன் லாரன்ஸுக்கு வயது 18. ஹெர்பர்ட் அவர் நினைவான இரங்கலிசையைத் தனித்தனியாக ஒலிக்கும் 18 தந்திக் கருவிகளுக்கு எழுதியிருக்கிறார்.