ஒரு எழுத்துக்காக

அந்தப் பெரியவர் மாற்றச் சொன்னது ஒரே ஒரு எழுத்தை. கார்னிஷ் என்பது இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில் பேசி, வழக்கொழிந்து, பிறகு மீட்கப்பட்ட மொழி. பிள்ளைகளுக்கான கார்னிஷ் படப் புத்தகத்தில் 'தலை' என்ற சொல்லுக்கு 'பென்' என்று போட்டிருந்தோம். "இதை 'பெட்ன்' என்று போடலாமே?" என்றார். முடியாது என்றேன்.

இரண்டும் சரிதான். 'பென்' இடைக்கால நாடகச் சுவடிகளில் உள்ளது. 'பெட்ன்' மொழி தேய்ந்துகொண்டிருந்த பிற்காலத்தில் மேற்குக் கார்ன்வாலில் புழங்கியது. மொழியை மீட்க முனைந்தவர்களில் நான்ஸ் 1929இல் சுவடிகளைச் சார்ந்து ஒரு எழுத்துமுறை வகுத்தார். 1986இல் கென் ஜார்ஜ் ஒலியை ஆராய்ந்து வேறொன்று கொண்டுவந்தார். ரிச்சர்ட் ஜெண்டல் பிற்கால வடிவத்தின் பக்கம் நின்றார். ககரத்துக்குக் கே போடுவதா, சி போடுவதா என்பதற்கே மல்லுக்கட்டியவர்கள் இவர்கள். 2008இல் வந்த பொது எழுத்துமுறை ஒரு சமரசம். பிற்கால வடிவங்களுக்கும் அதில் இடம் உண்டு. அந்த 'உண்டு'தான் என் போன்ற பதிப்பு வேலைக்காரர்களுக்குத் தலைவலி.

புத்தகம் முழுக்க இடைக்கால வடிவம். ஒரு சொல்லை மட்டும் மாற்றினால் அடுத்த பக்கத்தில் இன்னொருவர் வருவார். இதைத்தான் சொன்னேன். அவர், "எங்கள் ஊர்ப்பக்கக் கடற்கரைக்குப் பெயரே பெட்ன் வவுண்டர். வரைபடத்தில் இருக்கிறது, உங்கள் புத்தகத்தில் இல்லையா?" என்றார். ஒரே சீராக இருக்க வேண்டும் என்றேன். "சரி" என்று போய்விட்டார். சண்டை பிடித்திருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

வேறு மொழி என்றால் ஊரில் ஒரு பாட்டியைக் கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இங்கே கார்னிஷைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி ஆள் என்று பலரும் சொல்லும் டாலி பென்ட்ரீத் 1777இலேயே போய்ச் சேர்ந்தார். எல்லாரும் காகிதத்தைக் காட்டித்தான் பேசுகிறோம். ஆனால் ஊர்ப்பெயர் அப்படியல்லவே? ஆங்கிலம் மட்டுமே பேசிய தலைமுறைகளும் அந்தப் பெட்னை விடாமல் சொல்லி வந்திருக்கின்றன. அப்படிப் பார்த்தால் எங்கள் சுவடியைவிட அவருடைய சாட்சி வலுவானது. பாறைக்கும் கரைக்கும் ஒட்டிக்கொண்ட பெயரை வைத்துக் குழந்தையின் தலைக்கு எழுத்து முடிவுசெய்யலாமா என்றும் தோன்றுகிறது. இதை அன்றைக்கே அவரிடம் கேட்டிருக்கலாம். பதில் வைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

மறுபதிப்பிலும் 'பென்' என்றே விட்டிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் கடற்கரைப் பெயர்களோடு சின்ன வரைபடம் ஒன்று சேர்க்கலாமா என்று குழுவிடம் கேட்டிருக்கிறேன். அவர் அதைப் பார்த்தால் சமாதானம் ஆவாரா, 'கண்துடைப்பு' என்பாரா, தெரியவில்லை.