டீபக்கர் நின்ற இடத்தில் திருத்தினால்

எங்கள் அறிக்கைக் கருவிக்குள் ஒரு குட்டி மொழி இருக்கிறது. விலை 100-க்கு மேல், வகை இந்தப் பட்டியலுக்குள் என்றெல்லாம் பயனர் அதில் எழுதி, தனக்கு வேண்டிய வரிசைகளை மட்டும் பொறுக்கிக்கொள்வார். அதன் இலக்கணம் ஒரே கோப்பில், 600 சொச்சம் வரி. பைசன் என்ற நிரல் அதைப் படித்து, பயனர் எழுதியதைப் பிரித்துப் புரிந்துகொள்ளும் பார்சருக்கான சி++ கோப்பையும் அதன் ஹெட்டரையும் எழுதித் தரும். ஐந்து வருடமாக நான்தான் அதைப் பார்த்துக்கொள்கிறேன். இலக்கணத்தைத் தொட்டால் பைசனைக் கையால் ஓட்டுவேன். வந்த கோப்புகளையும் சேர்த்து, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் கமிட் செய்வேன். இந்த நடைமுறை எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. என் தலைக்குள் இருந்தது, அவ்வளவுதான்.

போன வருடம் வகுத்தால் வரும் மீதியைக் காண ஒரு குறியைச் சேர்த்தேன். மூன்று வரி வேலை. பைசனை ஓட்டினேன், டெஸ்ட் எல்லாம் பச்சை, வெளியிட்டோம். இரண்டே நாளில் ஒரு வாடிக்கையாளரிடம் கருவி விழுந்தது. 'இன்' (பட்டியலுக்குள்) என்று எழுதி அடைப்புக்குள் ஒன்றும் தராமல் விட்டால் கிராஷ். ஒன்றரை வருடத்துக்கு முன்பே சரிசெய்து மூடிய பிழை அது.

தேடிப் பார்த்தால், அந்தத் திருத்தம் இலக்கணத்தில் இல்லவே இல்லை. அப்போது எங்களோடு இருந்த நண்பர் ஒருவர், பைசன் எழுதிய சி++ கோப்பிலேயே நேராகப் போட்டிருக்கிறார். நான் மறுபடி பைசனை ஓட்டியதும் அது சுவடில்லாமல் போய்விட்டது. கோப்பின் தலைப்பிலேயே இது பைசன் தயாரித்தது என்று இருக்குமே, அதில் போய்க் கைவைப்பாரா என்று முதலில் எரிச்சல்தான் வந்தது.

அவர் என்ன செய்திருப்பார் என்று யோசித்தபோது எரிச்சல் என் பக்கம் திரும்பியது. நிரல் விழும் வரியில் நிறுத்திக் காட்டும் டீபக்கரில் கிராஷைப் பிடித்திருக்கிறார். டீபக்கர் நின்ற இடம் அந்தக் கோப்பு. இயல்பாக அது அங்கே நிற்காது. பைசன் தான் எழுதும் கோப்புக்கு நடுநடுவே 'லைன்' கட்டளைகளைச் செருகும். இந்தத் துண்டு உண்மையில் இலக்கணக் கோப்பின் இத்தனையாவது வரி என்று கம்பைலருக்குச் சொல்வதற்காக. அவை இருந்தால் டீபக்கர் நம்மை இலக்கணத்திலேயே கொண்டுபோய் நிறுத்தும். அவற்றை அணைத்து வைத்தவன் நான். முழுப் பாதை கொடுத்து பைசனை ஓட்டிக்கொண்டிருந்ததால், என் ஹோம் ஃபோல்டரின் பெயர் கோப்பு நெடுகப் பதிந்தது. வேறு யாராவது ஓட்டினால் அத்தனையும் மாறி, வித்தியாசங்களைக் காட்டும் டிஃப்பில் வந்து நின்றது. அந்தத் தொல்லை வேண்டாமென்று அணைத்தேன். போதாததற்கு, மறுபார்வையில் இந்தக் கோப்பைச் சுருட்டி வைக்கும்படி கிட் அமைப்பிலும் எழுதியிருந்தேன். நண்பரின் திருத்தத்தை ஒப்புக்கொண்டவனும் நானே, விரித்துப் பார்க்காமல்.

இனிமேல் கையால் ஓட்டுவதில்லை என்று, எது மாறினால் எதை ஓட்ட வேண்டும் என மேக் நிரலுக்குச் சொல்லும் மேக்ஃபைலில் ஒரு விதி எழுதினேன். இலக்கணம் பார்சரைவிடப் புதிதாக இருந்தால் பைசனை ஓட்டு. 1976-இலிருந்து மேக் செய்துவரும் வேலைதான் இது. ஆனால் மேக் பார்ப்பது கோப்பு மாறிய நேரத்தை மட்டும்; கிட்டோ அந்த நேரத்தைச் சேமித்து வைப்பதில்லை. கிட்டிலிருந்து நகலெடுத்து கிளோன் செய்தால் எல்லாக் கோப்புக்கும் அந்தக் கணத்தின் நேரம்தான். எது முந்தி, எது பிந்தி என்பது அவரவர் அதிர்ஷ்டம். இலக்கணத்தைத் தொடாதவருக்கும் திடீரென்று பைசன் ஓடும். மேக்ஓஎஸ் வைத்திருந்த சக ஊழியருக்கு ஓடியது 2006-ஆம் ஆண்டின் பைசன் 2.3, அந்த இயங்குதளத்தோடு வருவது இன்னும் அதுதான். மொழி சி++ என்று சொல்லும் எங்கள் இலக்கணத்தின் முதல் வரியே அதற்குப் புரியவில்லை.

இன்னொரு கூத்தும் நடந்தது. பைசன் ஒருமுறை ஓடினால் இரண்டு கோப்பு வரும். மேக்ஃபைலில் ஒரு விதிக்கு இடப்பக்கம் இரண்டு பெயர் எழுதினால், மேக் அதை இரண்டு தனி விதிகளாகத்தான் எடுத்துக்கொள்ளும். இணையாக ஓடவிட்டால் ஒரே நேரத்தில் இரண்டு பைசன், ஒரே ஹெட்டரின் மேல். பத்து முறைக்கு ஒருமுறை பாதி எழுதிய ஹெட்டரைக் கம்பைலர் படித்துவிட்டுத் திட்டும். மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும். மறுபடி ஓட்டினால் சரியாகிவிடுகிற பிழையை யாரும் புகாராக எழுதுவதில்லை, அதனால் எனக்குத் தெரியவே இரண்டு வாரம் ஆனது. இரண்டையும் ஒரே ஓட்டமாக எடுத்துக்கொள் என்று சொல்லும் வசதி குனு மேக் 4.3-இல், 2020-இல் வந்தது. மேக்ஓஎஸ்ஸில் இருப்பதோ 3.81. சதவீதக் குறி போட்ட பேட்டர்ன் விதியில் பல பெயர் இருந்தால் மேக் ஒருமுறைதான் ஓட்டும். அந்தப் பழைய வழிக்கே போனேன்.

பிறகு நேரம் பார்த்து ஓட்டும் யோசனையையே கைவிட்டேன். பைத்தான் மொழியை ஓட்டும் சிபைத்தானை எழுதுபவர்கள் 3.7 காலத்தில் இதைத்தான் செய்தார்கள். உருவாக்கப்படும் கோப்புகள் ரெப்போவிலேயே, அதாவது கிட் களஞ்சியத்திலேயே, இருக்கும். நாமாகக் கேட்டால் மட்டும் அவை புதுப்பிக்கப்படும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் பக்கம் நேர்மாறு. பார்சர் கோப்பு அவர்கள் கிட்டில் இருப்பதில்லை. 17-ஆம் பதிப்பிலிருந்து வெளியீட்டுத் தொகுப்பிலும் கிடையாது, கட்டுபவரிடம் பைசன் இருந்தே ஆக வேண்டும். எனக்கு இதுதான் சுத்தமாகப் படுகிறது. ஆனால் எங்கள் கருவியைக் கட்டும் பாதிப் பேரிடம் பைசன் கிடையாது. எனவே முதல் வழி.

இப்போது ஒரே கட்டளை. பைசன் 3.8.2 மட்டும் உள்ள கண்டெய்னருக்குள் (எங்கே ஓட்டினாலும் ஒரே மாதிரி இருக்கும் மூடிய சூழல்), எப்போதும் ரெப்போவின் வேர் ஃபோல்டரில் நின்று, சுருக்கப் பாதை கொடுத்து ஓடும். யார் ஓட்டினாலும் பைட்டுக்குப் பைட் அதே கோப்பு. பாதைத் தொல்லை போனதால் 'லைன்' கட்டளைகளையும் திரும்ப இயக்கிவிட்டேன். கமிட்டுகளைத் தானாகச் சோதிக்கும் சிஐ-யில் அதே கட்டளை ஓடும்; ஓடிய பின் கிட் டிஃப்பில் ஒரு வரி வித்தியாசம் வந்தாலும் சிவப்பு. இந்தச் சோதனை அன்றைக்கு இருந்திருந்தால், நண்பரின் காலிப் பட்டியல் திருத்தம் கமிட் செய்த நிமிடத்திலேயே பிடிபட்டிருக்கும்.

இதிலும் ஓர் ஓட்டை. பிழைச் செய்தியில் எந்த நெடுவரிசை என்று காட்டுவதற்காக இட விவரத்தை இயக்கினேன். அப்படிச் செய்தால் சி++-இல் பைசன் மூன்றாவதாக ஒரு ஹெட்டரையும் எழுதும். அதை கமிட்டில் சேர்க்க மறந்தேன். சிஐ பச்சை. ரெப்போவில் இல்லாத கோப்பை கிட் டிஃப் கண்டுகொள்ளாது. சிஐ-யில் பைசன் ஓடுவதால் அங்கே கோப்பு இருந்தது. புதிதாகக் கிளோன் செய்தவருக்குத்தான் இல்லை. டிஃப்புக்குப் பதில் கிட் ஸ்டேட்டஸ் காலியாக இருக்கிறதா என்று பார்க்கும்படி மாற்றினேன்.

இவையெல்லாம் சில்லறை. என்னை உண்மையில் உலுக்கியது 'பிட்வீன்'. விலை பிட்வீன் 10 அண்ட் 20 என்று எழுத வேண்டும் என்றார்கள். விதியைச் சேர்த்தேன், கட்டளையை ஓட்டினேன், சிஐ பச்சை. தனியாக எழுதினால் ஒழுங்காக வேலை செய்தது. 'விலை பிட்வீன் 10 அண்ட் 20 அண்ட் இருப்பு > 0' என்று எழுதியவருக்கு அறிக்கை வெறுமையாக வந்தது.

20-ஐப் படித்து முடித்து அடுத்த 'அண்ட்'-ஐப் பார்க்கும்போது பார்சருக்கு முன்னால் இரண்டு வழி. பிட்வீன் முடிந்தது என்று, அதுவரை படித்ததை ஒரே கோவையாக மடிக்கலாம். அல்லது '10 அண்ட் 20' என்பதையே ஒரு தர்க்கக் கோவையாக மடித்து, அடுத்த 'அண்ட்'-ஐ பிட்வீனின் 'அண்ட்' ஆக எடுத்துக்கொள்ளலாம். இப்படி இரண்டு மடிப்புகள் மோதும்போது முன்னுரிமை அறிவிப்புகள் உதவாது. கோப்பில் முதலில் எழுதிய விதியை பைசன் எடுத்துக்கொள்ளும். என் கோப்பில் அண்ட் விதி முதலில் இருந்தது. எங்கள் மொழியில் பூஜ்யம் அல்லாத எதுவும் உண்மை, அதன் மதிப்பு 1. ஆக, விலை 1-க்கும் 1-க்கும் இடையே இருக்கிறதா என்று கருவி தேடிக்கொண்டிருந்தது.

பைசன் இதைச் சொல்லாமல் இல்லை. ரெட்யூஸ்-ரெட்யூஸ் மோதல் என்று எச்சரிக்கை போட்டிருக்கிறது. ஆனால் எச்சரிக்கை பிழையில்லை. நிரல் வெற்றி என்றுதான் முடியும். கையால் ஓட்டிய காலத்தில் திரையில் அந்த ஒரு வரி வந்தாலே கண்ணில் பட்டிருக்கும். கண்டெய்னர் கட்டும் இரைச்சலுக்கு நடுவே 200 வரி லாகில் அதை யார் பார்ப்பது? இலக்கணத்தில் 'எக்ஸ்பெக்ட் 0' என்று ஒரு வரி சேர்த்தேன். இனி எந்த மோதல் வந்தாலும் பைசன் தோல்வியோடு முடியும். பிட்வீனின் இரு எல்லைகளையும் அண்ட், ஆர், நாட் வராத ஒரு சிறிய கோவை விதிக்கு மாற்றினேன். போஸ்ட்கிரெஸ் இலக்கணத்திலும் இதே இக்கட்டுக்கு இதே மாதிரி ஒரு குறுகிய கோவை விதி உண்டு என்பதை அப்புறம்தான் பார்த்தேன்.

இரண்டு கிளைகள் இலக்கணத்தை மாற்றி மெர்ஜில் மோதும்போது மட்டும் புதியவர்கள் இன்னும் தடுமாறுகிறார்கள். ஒரு விதி சேர்ந்தால், பைசன் எழுதும் கோப்பில் பார்சர் நிலைகளின் எண்கள் நகரும், அட்டவணைகள் முழுக்க மாறும். அந்த எண்களுக்குள் புகுந்து கையால் இணைக்கப் பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இலக்கணத்தில் இருக்கும் மோதலை மட்டும் தீர்த்துவிட்டு, கட்டளையை ஒருமுறை ஓட்டச் சொல்கிறேன்.

மறுபார்வையில் அந்தக் கோப்பைச் சுருட்டி வைக்கும் அமைப்பை நான் எடுக்கவில்லை. இப்போதும் விரித்துப் பார்க்காமல்தான் ஒப்புக்கொள்கிறேன், சிஐ பச்சையாக இருந்தால்.