கொட்டாங்குச்சியும் பேப்பர் கப்பும்

சியாட்டிலில் உள்ள எங்கள் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு 2024 பிப்ரவரியில் ஒரு காணொளி வந்தது. தர்மபுரி மாவட்டத்தில் காட்டு வேலைக்குப் போன பட்டியல் சாதிப் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றிக் கொடுக்கிறார்கள். அது என் மாவட்டம். அப்படிப்பட்ட நிலங்களில் களை பறித்துத்தான் என் அம்மா என்னைப் படிக்க வைத்தார்.

"எங்கேயோ ஒரு வீட்டில் நடந்ததைப் பெரிதாக்குகிறார்கள்" என்றார் ஒருவர். "எங்கள் ஊரில் இதெல்லாம் எப்போதோ ஒழிந்துவிட்டது" என்றார் இன்னொருவர். வழக்குப் பதிவாகி இருவர் கைதான செய்தியை நான் இட்டபோது, பேச்சு பிள்ளைகளின் நீச்சல் வகுப்புக்குப் போய்விட்டது.

அதே குழுவில், சமையல் வாசனையைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளித்துப் பேசியதை ஒரு குடும்பம் எழுதியபோது, ஒரு வாரம் அனைவரும் கொதித்தார்கள்; நானும் கொதித்தேன். அந்தக் கோபம் முற்றிலும் நியாயமானது. ஆனால் ஒற்றை முகச்சுளிப்பில் இருக்கும் அவமதிப்பை அவ்வளவு துல்லியமாக அளக்கத் தெரிந்தவர்களின் கண்ணுக்குக் கொட்டாங்குச்சி படவில்லையே என்பதுதான் என்னைத் தைத்தது. இங்கே அவர்கள் கீழே நிற்கிறார்கள், அதனால் தெரிகிறது. அங்கே நின்ற இடம் வேறு.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. மழையும் குளிரும்கூடப் பிடித்துப்போயின. சனிக்கிழமைகளில் கேழ்வரகுக் களி கிண்டி, கொள்ளுச் சாற்றுக்குத் தாளித்தால் புகை எச்சரிக்கைக் கருவி வீடே அதிர அலறும், குழந்தைகள் கைதட்டிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே, மாங்காய்க் காலத்தில் காலனியிலிருந்து ஊருக்குள் போகும் மண்சாலையும், டீக்கடையில் எங்களுக்கென்று தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்களும் நினைவுக்கு வந்துவிடும்.

2023 பிப்ரவரி 21 அன்று சியாட்டில் நகர மன்றம் 6-1 என்ற வாக்கில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் இதுதான். அன்று எனக்கு ஏற்பட்ட நிம்மதியைப் பகிர்ந்துகொள்ள அந்தக் குழுவில் ஆள் இல்லை. இல்லாத ஒன்றுக்குச் சட்டம் எதற்கு என்றே பலரும் கேட்டார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் வாழ்க்கையில் அது இல்லை.

இருந்தாலும் மேலே இருப்பவர்களை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியவில்லை. பியூ ஆய்வு மையம் இந்தியாவில் ஏறத்தாழ 30,000 பேரிடம் கேட்டு 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பட்டியல் சாதியினருக்கு எதிராக நிறையப் பாகுபாடு இருக்கிறது என்று சொன்னவர்கள் 20 விழுக்காட்டினர். பட்டியல் சாதியினரிலேயே அப்படிச் சொன்னவர்கள் 27 விழுக்காட்டினர்தான். பட்டவர்களும் ஏன் இல்லை என்கிறார்கள் என்பது அம்மாவிடம் பேசியபோது புரிந்தது.

"இப்பெல்லாம் அதெல்லாம் ஏது கண்ணு? கடையில எல்லாருக்கும் பேப்பர் கப்புதான்" என்றார். அவருடைய அளவுகோல் அவருடைய சின்ன வயது. அன்றைய டம்ளரோடு ஒப்பிட்டால் பேப்பர் கப் விடுதலைதான். பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கிறாயா என்று கேட்டேன்.

"அங்க போய் நான் எதுக்குக் கண்ணு உட்காரணும்? நின்னுக்கிட்டே குடிச்சுட்டு வந்துடுவேன்" என்றார்.